வானத்து எடைக்கற்கள்

எங்கள் கடைப் பரணில் தாத்தாவின் வெள்ளிக்கோல் ஒன்று இருக்கிறது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான மரக்கோல். ஒரு முனை கனத்து உருண்டிருக்கும், மறுமுனையில் தட்டு தொங்கும். நடுவில் ஒரு கயிறு, அதைப் பிடித்துத்தான் கோலைத் தூக்க வேண்டும். இதற்குத் தனியாக எடைக்கல் கிடையாது. தட்டில் புளியை வைத்து, கோல் சமமாக நிற்கும்வரை கயிற்றை நகர்த்தினால், கயிறு நிற்கும் கோடுதான் எடை. தாத்தா வீரவநல்லூர் சந்தையில் புளியும் வத்தலும் இதில்தான் நிறுத்தார். அப்பா காலத்தில் இரும்புக் கற்கள் வந்தன. இப்போது நான் உட்கார்ந்திருக்கும் கல்லாவில் மின்னணுத் தராசு இருக்கிறது.

நட்சத்திரத்தைப் பற்றி எழுத வந்துவிட்டு இதை ஏன் சொல்கிறேன் என்றால், பொருளை எடை போடுவதே எங்கள் குடும்பத் தொழில். அதனால்தான் இந்த விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். வானத்தில் தெரிகிற ஒரு வெளிச்சப் புள்ளிக்கு இத்தனை எடை என்று எப்படிச் சொல்கிறார்கள்? ஏதோ ஒரு பழைய பத்திரிகையில் "சூரியனைப் போல இரண்டு மடங்கு நிறை கொண்ட விண்மீன்" என்று படித்தபோது எனக்கு வந்த முதல் கேள்வி அதுதான். எந்தத் தராசு? யார் முத்திரை வைத்தது?

பதில் கிடைக்கப் பல வருஷம் ஆனது. தனியாக நிற்கும் நட்சத்திரத்தை நேரடியாக நிறுக்க வழியில்லை. அது இன்னொன்றோடு கட்டுண்டு சுற்றினால், அந்தச் சுற்றிலிருந்து எடையை எடுத்துவிடலாம். ஈர்ப்புதான் கயிறு. எத்தனை பலமாக இழுக்கிறது என்பது எத்தனை வேகமாகச் சுற்றுகிறது என்பதில் தெரிந்துவிடும். நல்லவேளையாக வானத்தில் இரட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை.

சித்திரைக் கடைசியில், இரவு பத்தரை மணி வாக்கில் எங்கள் மொட்டைமாடித் தட்டட்டிக்கு வந்து நில்லுங்கள். மேற்கே பொதிகை மலை கறுப்பாகக் கிடக்கும். வடக்கே திரும்பினால், அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய பாதி உயரத்தில் சப்தரிஷி மண்டலம், அதன் வாலில் வசிட்டரும் அருந்ததியும். அப்படியே தெற்கே திரும்பி அண்ணாந்தால், மாதத்துக்கே பெயர் கொடுத்த சித்திரை வெள்ளையாக எரியும். இன்னும் கீழே, தெற்கு அடிவானத்திலிருந்து இருபது பாகை உயரத்துக்குள், ஆல்பா செண்டாரி. இந்த மூன்றுமே இரட்டைகள். மூன்றையும் மனிதன் நிறுத்துவிட்டான், மூன்றையும் வேறு வேறு விதமாக. டெல்லிக்காரர்களுக்கு ஆல்பா செண்டாரி கிடைக்காது. நமக்குத் தென்கோடியில் இருப்பதால் கிடைத்த வரவு அது.

தெற்கே இருப்பதிலிருந்தே தொடங்குகிறேன். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் கூட்டம் இதுதான், தூரம் 4.37 ஒளியாண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இது இரண்டு என்பதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது நம் கரையிலிருந்துதான். 1689 டிசம்பரில், புதுச்சேரியில் இருந்த ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்க்கத் தொலைநோக்கியைத் திருப்பியபோது இது இரட்டையாகத் தெரிந்தது. அந்த மாதத்தில் அது கிழக்கு வெளுக்கும் முன்னால்தான் எழும். மார்கழிப் பனியில், கடற்கரைக் காற்றில், அந்தக் காலத்துக் குழாயை வைத்துக்கொண்டு இரண்டாகப் பிரித்துப் பார்த்த கண்ணை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

நான் பார்த்தது ஆறு அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கியில். முதல் வருஷம் தோற்றுப்போனேன். ராத்திரி ஒன்பது மணிக்கே தட்டட்டியில் தூக்கி வைத்து, குனிந்து பார்த்தால், கொதிக்கிற எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஒரு வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. இரண்டு எங்கே, ஒன்றே உருப்படியாக இல்லை. கண்ணாடியில்தான் குறை என்று நினைத்து ஒரு வாரம் திருகாணிகளைத் திருகித் திருகி இன்னும் கெடுத்தேன். அப்புறம்தான் புரிந்தது, குறை தரையில். பகல் முழுக்கச் சித்திரை வெயில் குடித்த சிமெண்டுத் தளம் ராத்திரி பன்னிரண்டு வரை அனலைக் கக்குகிறது. அந்தச் சூடான காற்றுக்குள்தான் நான் நட்சத்திரத்தைத் தேடியிருக்கிறேன்.

அடுத்த வருஷம் அப்பா பொழுதடையும் நேரத்தில் தளம் முழுக்க நாலு குடம் தண்ணீர் தெளித்தார். குழாயை ஆறு மணிக்கே வெளியில் வைத்து ஆறவிட்டோம். பதினொன்றரைக்கு மேல் காற்று அசந்த ஒரு நேரத்தில் சட்டென்று பிரிந்தது. அக்கம் பக்கமாக இரண்டு. பெரியது பாசிப்பருப்பு நிறம். சின்னது கொஞ்சம் சிவந்து துவரம்பருப்பு நிறம். நடுவில் கறுப்பாக ஒரு நூலிழை இடம்.

"ஏலே, ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்துதா?" என்றார் அப்பா, கண்ணை எடுக்காமல்.

"ஆமாப்பா. ஒரு சுத்துக்கு எம்பது வருஷம்."

"அப்ப இதை வச்சி எப்படில நிறுக்க?"

கடைக்காரர் கேட்கும் கேள்வி இதுதானே. மறுநாள் கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். கெப்ளர் கண்ட விதியும் நியூட்டன் அதற்குச் சொன்ன காரணமும் சேர்ந்து கொடுக்கும் வழி இது. இரண்டுக்கும் இடையே உள்ள சராசரி தூரத்தைப் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை அலகாக வைத்து அள. அதை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கு. சுற்ற எடுக்கும் ஆண்டுகளை அதேபோல் இரண்டு முறை எழுதிப் பெருக்கு. முன்னதைப் பின்னதால் வகுத்தால், இரண்டின் மொத்த எடை எத்தனை சூரியன் என்று வந்துவிடும். ஆல்பா செண்டாரிக்குத் தூரம் 23.3, காலம் 79.76 ஆண்டு. 23.3-ஐ மும்முறை பெருக்கினால் 12,649. 79.76-ஐ இருமுறை பெருக்கினால் 6,362. வகுத்தால் 1.99. கிட்டத்தட்ட இரண்டு சூரியன்.

இது மொத்த எடை. தனித்தனியாக வேண்டுமென்றால் தாத்தாவின் வெள்ளிக்கோல் வேண்டும். இரண்டு நட்சத்திரமும் ஒன்றையொன்று சுற்றுவதாகச் சொல்கிறோமே தவிர, உண்மையில் இரண்டும் தங்களுக்கு நடுவே உள்ள ஒரு புள்ளியைச் சுற்றுகின்றன. அந்தப் புள்ளிதான் கயிறு. கனத்ததற்குக் கயிறு பக்கத்தில் இருக்கும், இலேசானதற்குத் தள்ளி இருக்கும். இங்கே பெரியதிலிருந்து 46 பங்கும் சின்னதிலிருந்து 54 பங்குமாகக் கயிறு நிற்கிறது. ஆக எடை 1.08, 0.91. பின்னணியில் உள்ள தொலைதூர நட்சத்திரங்களுக்கு எதிரே இரண்டின் நகர்வையும் தனித்தனியாக அளந்தால் கயிற்றின் இடம் பிடிபட்டுவிடும். சமீபத்தில் சிலி நாட்டுப் பாலைவனத்திலுள்ள ஆல்மா அலைவாங்கிகளைக் கொண்டு இதை நுட்பமாகச் செய்திருக்கிறார்கள்.

அப்பா கால்குலேட்டரில் ஒருமுறை தானே போட்டுப் பார்த்துவிட்டு, "தூரத்துல நூத்துக்கு ஒண்ணு பிசகிட்டா?" என்று கேட்டார். மும்முறை பெருக்குகிறோம் அல்லவா, எடையில் நூற்றுக்கு மூன்று பிசகும். "மூணு பங்கு எடை பிசகுற தராசை வச்சி யாவாரம் பண்ண முடியாதுலே" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. இந்தத் துறையில் இருநூறு வருஷப் பாடு அத்தனையும் அந்தப் பிசகைக் குறைக்கத்தான்.

நம் மதராஸ் வானாய்வு நிலையத்திலேயே அதற்கு ஒரு கதை உண்டு. அங்கே இருந்த கேப்டன் ஜேக்கப் இரட்டை நட்சத்திரங்களை விடாமல் அளந்தவர். 1855-ல், 70 ஒபியூக்கி என்ற இரட்டையின் சுற்றுப்பாதை கணக்கோடு ஒத்துவராததைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இருக்கக்கூடும் என்று எழுதினார். அது நிற்கவில்லை. அளவில் இருந்த நுண்ணிய பிழைகளே கோளாக வேடம் போட்டிருந்தன. ஆனாலும், வேற்று நட்சத்திரத்துக்குக் கோள் உண்டு என்று அளவை முன்வைத்து வாதிட்ட முதல் குரல்களில் ஒன்று நுங்கம்பாக்கத்திலிருந்து எழுந்தது என்பது சின்ன விஷயமில்லை.

இப்போது முக்கியமான சிக்கலுக்கு வருகிறேன். ஆல்பா செண்டாரி நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பதால் சுலபமாகப் பிரிகிறது. மற்றவை அப்படியில்லை. தொலைநோக்கியில் சுலபமாகப் பிரியும் இரட்டைகளில் பெரும்பாலானவை ஒன்றிலிருந்து ஒன்று வெகுதூரம் தள்ளி இருப்பவை. தள்ளி இருந்தால் மெதுவாகத்தான் சுற்றும். புனர்பூசத்தில் உள்ள கேஸ்டர் இரட்டை ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 450 ஆண்டு ஆகும். வில்லியம் ஹெர்ஷல் 1803-ல், இவை தற்செயலாக ஒரே திசையில் தெரிபவை அல்ல, உண்மையாகவே கட்டுண்டு சுற்றுபவை என்று காட்ட ஆதாரமாக எடுத்துக்கொண்டவற்றில் கேஸ்டரும் ஒன்று. அவர் அளந்ததிலிருந்து இன்றுவரை அது ஒரு முழுச் சுற்றைக்கூட முடிக்கவில்லை. சுற்று முடியாமல் எடை எப்படித் துல்லியமாக வரும்?

ஆகவே சீக்கிரம் சுற்றுபவை வேண்டும். சீக்கிரம் சுற்ற வேண்டுமென்றால் நெருங்கி இருக்க வேண்டும். நெருங்கி இருந்தால் பிரித்துப் பார்க்க முடியாது. நெருங்கி இருப்பதையும் பிரித்துக் காட்டும் நுண்பிரிப்புப் படம் எடுக்க உலகம் இத்தனை பாடுபடுவதன் காரணம் இதுதான். அழகான படம் வேண்டும் என்பதற்காக அல்ல, ஒரு மனித ஆயுளுக்குள் எடையை அறிந்துவிட வேண்டும் என்பதற்காக.

எத்தனை நெருக்கம் என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். வானத்தில் கோணத்தைப் பாகை, கலை, விகலை என்று அளப்பார்கள். ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு ஒரு விகலை. பழைய ஒரு ரூபாய் நாணயம், 25 மில்லிமீட்டர் அகலம், அதை ஐந்து கிலோமீட்டர் தள்ளி வைத்தால் ஒரு விகலை அகலமாகத் தெரியும். நம் தலைக்கு மேல் உள்ள காற்று சாதாரணமாக ஒரு நட்சத்திரத்தை ஒன்று, இரண்டு விகலை அகலத்துக்குக் கலக்கிவிடும். காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர். காற்றே இல்லையென்றால் அது 0.06 விகலை வரை பிரிக்கும். காற்று இருப்பதால் அதன் பலத்தில் இருபதில் ஒரு பங்கு கூடக் கைக்கு வராது. அத்தனை பெரிய கண்ணாடியைச் செதுக்கி மலைமேல் ஏற்றிவிட்டு, காற்றிடம் தோற்பது என்றால் எப்படி இருக்கும்!

அந்தக் காற்றை ஏமாற்ற 1970-ல் அந்துவான் லபேரி என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு வழி கண்டார். ஸ்பெக்கிள் இண்டர்ஃபெராமெட்ரி என்று பெயர். பெயர் மிரட்டினாலும் விஷயத்தைப் புரிந்துகொள்ளத் தாமிரபரணிப் படித்துறை போதும்.

ஆற்றில் காசு போடுகிறார்கள் அல்லவா. முழங்கால் ஆழத்தில், ஓடும் தண்ணீருக்கு அடியில் ஒரு காசு கிடப்பதை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அது ஒரு காசாகத் தெரியாது. அலையின் ஒவ்வொரு மடிப்பும் ஒரு கண்ணாடிச் சில்லு மாதிரி அதைத் துண்டு துண்டாகக் காட்டும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாம் கலங்கி ஒரு வெள்ளை மினுக்கம்தான் மிஞ்சும். ஆனால் ஒரு நொடியில், சட்டென்று ஒரு படம் பிடித்தால்? அந்தப் படத்தில் காசு பத்துத் துண்டாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு துண்டும் கூர்மையாக இருக்கும். இப்போது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு காசுகள் கிடந்தால், படத்தில் தெரியும் ஒவ்வொரு துண்டும் இரட்டைத் துண்டாக இருக்கும். இடம் மாறும், எண்ணிக்கை மாறும். ஆனால் ஒவ்வொரு சோடிக்கும் உள்ள இடைவெளியும் திசையும் மாறவே மாறாது.

லபேரி செய்தது அதைத்தான். ஒரு விநாடியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு நேரமே திறக்கும் படங்களாக ஆயிரக்கணக்கில் எடுப்பது. ஒவ்வொன்றிலும் நட்சத்திரம் சிதறிய புள்ளிக் கோலமாக இருக்கும். அத்தனை படத்தையும் கணக்கில் கொடுத்து, எந்த இடைவெளி திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டால், கலக்கம் எல்லாம் அடிபட்டுப்போய் இரட்டையின் இடைவெளி மட்டும் எழுந்து நிற்கும். கண்ணாடி தன் முழுப் பலத்துக்கு வேலை செய்துவிட்டது. காவலூரின் பெரிய கண்ணாடியிலும் இந்த முறையில் நெருங்கிய இரட்டைகளை அளந்திருக்கிறார்கள். சவ்வாது மலையில், நம் பாலாற்றுப் பக்கத்தில் நடந்த வேலை என்று நினைக்கும்போது எனக்கு மனது நிறைகிறது.

ஆனால் வடக்கே நிற்கும் நம் வசிட்டருக்கு அதுவும் போதாது. கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கச் சொல்வார்கள். என் கல்யாணம் தை மாதம், காலை ஒன்பதரை மணி. புரோகிதர் வெளியே கூட்டிவந்து வெயிலில் கையைக் காட்டி, "தெரியறதா?" என்றார், நானும் தலையாட்டினேன். பல வருஷம் கழித்து அந்த நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வடமேற்கே, அடிவானத்திலிருந்து இருபது பாகை உயரத்தில், வெளிச்சத்துக்குப் பின்னால் அருந்ததி இருந்திருக்கிறாள். அதை என் வீட்டுக்காரியிடம் சொன்னபோது அவள் அந்தத் திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சங்கப் பாட்டில் வடமீன் என்று வருவது இந்த அருந்ததிதான். அவள் பக்கத்தில் பிரகாசமாக இருக்கும் வசிட்டரைச் சின்னத் தொலைநோக்கியில் பார்த்தாலே, 14 விகலை இடைவெளியில் இரண்டாகப் பிரிவார். 1889-ல் ஹார்வர்டில் எட்வர்டு பிக்கரிங், அந்த இரண்டில் பெரியதன் நிறமாலையில், அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையில், ஒரு கோடு சில நாள் ஒன்றாகவும் சில நாள் இரண்டாகவும் தெரிவதை அறிவித்தார். ஒன்று நம்மை நோக்கியும் மற்றது விலகியும் ஓடினால்தான் அப்படி ஆகும். ஆக அந்தப் பெரியதே ஓர் இரட்டை, இருபதரை நாளுக்கு ஒரு சுற்று. சின்னதும் அப்படியே ஓர் இரட்டை. அப்புறம் 2009-ல் அருந்ததிக்கும் மங்கலாக ஒரு துணை கண்டுபிடித்தார்கள். ஆக இரண்டு என்று காட்டி வைத்த இடத்தில் ஆறு.

நிறமாலை வேகத்தைச் சொல்லும். ஆனால் பாதை நமக்கு எத்தனை சாய்ந்து கிடக்கிறது என்று சொல்லாது. சாய்வு தெரியாமல் எடை வராது. சாய்வு தெரிய வேண்டுமென்றால் இரண்டையும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். வசிட்டரின் அந்த இருபது நாள் இரட்டைக்கு இடைவெளி ஏறக்குறைய ஒரு விகலையில் நூற்றில் ஒரு பங்கு. அதே ஒரு ரூபாய்க் காசைச் சென்னையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், திருநெல்வேலியிலிருந்து நாம் அதன் அகலத்தை அளக்க வேண்டும், அவ்வளவுதான் நெருக்கம். எந்த ஒற்றைக் கண்ணாடியும் இதற்குப் போதாது. பல சின்னத் தொலைநோக்கிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, அவற்றின் ஒளியை ஒன்றாகச் சேர்த்து, ஒளியலைகள் கூடுவதையும் கழிவதையும் அளக்கிறார்கள். தொலைநோக்கிகளுக்கு இடையே உள்ள தூரமே கண்ணாடியின் அகலம் மாதிரி வேலை செய்யும். அமெரிக்காவில் அரிசோனாவில் 1990-களில் இப்படித்தான் வசிட்டரைப் பிரித்தார்கள். எடை, ஒவ்வொன்றும் சூரியனைப் போல இரண்டேகால் முதல் இரண்டரை மடங்கு. இன்றைக்கு மவுண்ட் வில்சனில் உள்ள சாரா வரிசையில் ஆறு தொலைநோக்கிகள், அதிகபட்ச இடைவெளி 330 மீட்டர்.

சித்திரை இன்னும் நெருக்கம், வசிட்டரைவிட ஆறு மடங்கு. நாலு நாளில் ஒரு சுற்று. ஆஸ்திரேலியாவில் நராப்ரி என்ற ஊரில், வட்டத் தண்டவாளத்தில் ஓடும் இரண்டு பெரிய ஒளிவாங்கிகளை வைத்து ஹேன்பரி பிரவுனும் அவர் கூட்டாளிகளும் அதை அளந்து 1971-ல் வெளியிட்டார்கள். பெரியது பத்துச் சூரியனுக்கு மேல், சின்னது ஆறேழு சூரியன். அந்த வெள்ளை வெளிச்சத்துக்குள் இரண்டு பேர் கட்டிப் புரண்டுகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அண்ணாந்து பாருங்கள்.

இவ்வளவு பாடுபட்டு நிறுத்தது எத்தனை என்று கேட்டால், வானத்தில் உள்ளதில் கொஞ்சம்தான். அது குறையே இல்லை. எங்கள் கடையில் பழைய இரும்பு எடைக்கற்களின் அடியில் ஒரு சின்னக் குழி இருக்கும், அதில் ஈயம் ஊற்றி முத்திரை குத்தியிருப்பார்கள். விரலால் தடவினாலே தெரியும். அந்த முத்திரைக் கல்லைக் கொண்டு எத்தனை மூட்டையையும் நிறுக்கலாம். இரட்டைகள் அந்த மாதிரிக் கற்கள். அவற்றின் எடையையும் ஒளியையும் ஒப்பிட்டு, இத்தனை எடையுள்ள நட்சத்திரம் இத்தனை ஒளி தரும், இத்தனை காலம் எரியும் என்று ஓர் அட்டவணை போட்டிருக்கிறார்கள். தனி நட்சத்திரங்களின் எடை பெரும்பாலும் அந்த அட்டவணையிலிருந்து வருவதுதான். கல் பிசகினால் கடை முழுக்கப் பிசகும்.

அட்டவணைக்கு அடங்காதவையும் உண்டு. சித்திரை முன்னிரவில் பொதிகைப் பக்கம் இறங்கும் சிரியஸைப் பாருங்கள். அது அலைந்து அலைந்து நகர்வதைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதை இழுக்கிறது என்று 1844-ல் பெசல் என்ற வானியலாளர் சொன்னார். 1862 ஜனவரி 31 அன்று, புதிதாகச் செய்த 18.5 அங்குல வில்லையைச் சோதித்துக்கொண்டிருந்த ஆல்வன் கிரகாம் கிளார்க் அந்தத் துணையைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார். ஐம்பது ஆண்டுச் சுற்று. எடை போட்டால், சிரியஸ் இரண்டு சூரியன், துணை ஒரு சூரியன். அந்தத் துணை ஏறக்குறைய நம் பூமியின் அளவுதான். ஒளியை மட்டும் பார்த்திருந்தால் அதை ஒரு பொருட்டாகவே எண்ணியிருக்க மாட்டோம். தராசில் வைத்த பிறகுதான், இறந்துபோன நட்சத்திரம் ஒன்று எப்படிச் சுருங்கிக் கிடக்கும் என்று உலகுக்குத் தெரிந்தது. எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

வைகாசி பிறந்தால் மேற்கே காற்று எழும்பிவிடும். அப்புறம் குற்றாலத்தில் சாரல், இங்கே வானம் மூடிக்கொள்ளும். போன சித்திரையின் கடைசி நல்ல ராத்திரியில் அப்பாவை மறுபடியும் மேலே கூட்டிப்போனேன். முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறினார். இந்த முறை இடைவெளி நன்றாகவே தெரிந்தது. பாதை சாய்ந்து கிடப்பதால் 2016 வாக்கில் நம் கண்ணுக்கு நாலு விகலைக்குச் சுருங்கித் தெரிந்த சோடி அது, அதற்கப்புறம் விலகிக்கொண்டே வருகிறது.

"இது கடைசியா எப்ப ரொம்பக் கிட்ட வந்துச்சி?" என்று கேட்டார்.

"கண்ணுக்குத் தெரியுறது வேறப்பா. நெசமாவே கிட்ட வந்தது 1955 ஆகஸ்ட்."

பேச்சைக் காணோம். அப்பா பிறந்தது 1955 ஆவணி.

"அடுத்தது?"

"2035 மே மாசம்."

"அந்த ஆவணில எம்பது நெறஞ்சிரும்" என்றார். எண்பது நிறைந்தால் எங்கள் பக்கம் ஆயிரம் பிறை கண்டவர் என்பார்கள். பிள்ளைகள் கூடி மறுபடியும் தாலி கட்டவைப்பார்கள். அம்மா அதைப் பற்றி இப்போதே பேசிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலையில் கடை திறந்தபோது கல்லாவில் அப்பாவின் பழைய சிட்டை நோட்டு கிடந்தது. கடைசிப் பக்கத்தில், சரக்கு வரவு எழுதும் அதே சாய்ந்த கையெழுத்தில், இரண்டு வரி. "பெரியது 1.08. சின்னது 0.91." அதற்குக் கீழே, தேதி எழுதும் இடத்தில், "2035 வைகாசி, பார்க்க வேண்டும்."